பத்மினிக்குப் பாலாற்று மணல் வேண்டாம்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா ஓட்டிய 1988 பிரீமியர் பத்மினியைப் புதுப்பிக்கிறேன். பழைய பெயிண்ட், துரு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் ஒருவர் பாலாற்று மணலையே காற்றழுத்தத்தில் பீச்சி அடித்து (பிளாஸ்டிங்) சுத்தம் செய்து தருகிறேன், செலவு கம்மி என்கிறார். இன்னொருவர் சமையல் சோடாத் தூள்தான் தகட்டுக்கு நல்லது என்கிறார். ராணிப்பேட்டையில் ஷாட் பிளாஸ்டிங் செய்யும் இடத்திலும் விசாரித்து வைத்திருக்கிறேன். எதைப் போட்டு அடிப்பது அண்ணா?"

முதலில் மணலைப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் அது காரைவிடப் பெரிய விஷயம். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. தகட்டில் வேகமாக மோதும்போது அது மாவாக உடைகிறது. கண்ணுக்குத் தெரிகிற புழுதி கீழே படிந்துவிடும், தெரியாததுதான் நுரையீரலின் அடிவரைக்கும் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய் வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. பிரிட்டனில் 1949லேயே விதி கொண்டுவந்து வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங்கில் சிலிக்கா மணலைத் தடுத்தார்கள். நம் 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமும் தகவல் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் இதை வைத்திருந்தது. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு நாசிலைப் பிடித்து நிற்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து அவிழ்க்கும்போது துண்டு மறைத்திருந்த இடத்திலும், மீசை மயிரிலும், வெள்ளையாகப் பொடி ஒட்டியிருக்கும். அந்தச் செலவு உங்கள் பில்லில் வராது, அந்தப் பையன் தலையில் விழும். தயவுசெய்து வேண்டாம்.

சரி, ஷாட் பிளாஸ்டிங். ராணிப்பேட்டைச் சுற்று வட்டாரத்தில் பெல் ஆலையும் சிப்காட்டும் இருப்பதால் கனமான ஃபேப்ரிகேஷன் வேலைக்குப் பழகிய கைகள் நிறைய. ஆனால் அதில் அடிக்கும் இரும்புக் குண்டும் கிரிட் என்கிற கூர் துணுக்கும் ஆறு மில்லி, எட்டு மில்லி தகட்டுக்கு. கார் தகடு ஒரு மில்லியை ஒட்டித்தான் இருக்கும். ஆரம்ப காலத்தில் நானே ஒரு பானெட்டை இப்படிக் கொடுத்து வீணாக்கியிருக்கிறேன். திரும்பி வந்தபோது பளிச்சென்று இருந்தது, கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் எண்ணெய் டின் போல டொப்பென்று உள்ளே போய் வெளியே வந்தது. எத்தனை பட்டி போட்டும் அந்த அலை போகவில்லை. சூட்டில் தகடு வளைகிறது என்று பலர் சொல்வார்கள். சூட்டைவிட முக்கியக் காரணம் அடிதான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சுத்தியல் அடி ஒரு பக்கத்தை மட்டும் விரிக்கும்போது தகடு அந்தப் பக்கமாக உப்பிக்கொள்கிறது.

சோடா பற்றி அவர் சொன்னது பாதி சரி. மென்மையானது, தகட்டை வளைக்காது, கண்ணாடியையும் குரோமையும் அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் துருவை எடுக்காது, உங்கள் வண்டியில் பாதி பிரச்சினையே அதுதானே! அதோடு அடித்த இடத்தில் உப்பு மாதிரி ஒரு படலம் விட்டுப்போகும். நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பிரைமர் பிடிக்காமல் உரியும், கழுவினால் தகட்டு ஜாயின்ட்டுகளுக்குள் ஈரம் இறங்கும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது கார்னெட் என்ற கனிமத் தூள். செந்நிறத்தில் பொடித்த கற்கண்டு போல இருக்கும், விரலில் தேய்த்தால் கூர் தெரியும். குவார்ட்ஸ் மிகக் குறைவு, துருவையும் எடுக்கும், பிரைமர் பிடிக்க நல்ல சொரசொரப்பும் விடும். 80 மெஷ் (தூளின் சல்லடை அளவு) கேளுங்கள். படுதா விரித்து அடித்தால் அள்ளிச் சலித்து மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம். தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைப்பதுதான் என்றாலும் 2013இல் தமிழ்நாட்டில் அதை அள்ளத் தடை வந்ததால், பில்லோடு தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் கார்னெட் என்றாலும் அடிப்பவருக்குக் காற்று உள்ளே வரும் தலைமூடி (ஹூட்) கட்டாயம்.

எல்லா இடத்திலும் கார்னெட் அடிக்கவும் வேண்டாம். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, தரையும் உடம்பும் சேர்ந்த ஒரே கூடு. அடித்தரை, வீல் ஆர்ச், டிக்கி தரை, கதவின் கீழ் மடிப்பு, இவற்றுக்கு கார்னெட். பானெட், கூரை, கதவின் நடுப்பகுதி போன்ற அகலமான சமதளங்களில் பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, மீதியை சாண்டரில் எடுங்கள். துருப்பிடித்த திட்டுகளில் மட்டும் காற்றழுத்தத்தை 40 பிஎஸ்ஐக்குக் குறைத்து, ஒன்றரை அடி தள்ளி, சாய்வாக, கையை நிறுத்தாமல் அடிக்கச் சொல்லுங்கள். நேராக நின்று ஒரே இடத்தில் அடிக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். கார்புரேட்டர், அலுமினிய பாகங்களுக்கு கிளாஸ் பீட், அதாவது பொடிக் கண்ணாடி மணி.

தொடங்கும் முன்னால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் கனமான பட்டி, அதன் கீழே அநேகமாக ஓட்டை. பிளாஸ்டிங் ஓட்டையை உண்டாக்குவதில்லை, இருந்ததைக் காட்டுகிறது. டிங்கருக்கு அந்தப் பணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

நீங்களே அடிக்க நினைத்தால் காற்றுதான் இடிக்கும். பஞ்சர் கடையின் 2 ஹெச்பி கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஏழெட்டு கன அடிதான் தரும், 3 மில்லி நாசிலுக்கே இருபது வரை வேண்டும். கிணற்றுப் பாறை உடைக்க நம் பக்கத்தில் வாடகைக்கு வரும் டிராக்டர் கம்ப்ரஸரில் காற்று தாராளம், ஆனால் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும். நாசிலில் கார்னெட் விடாமல் வெறும் காற்றை ஒரு நிமிடம் வெள்ளைத் துணியில் பிடியுங்கள். கறை தெரிந்தால் வடிகட்டி மாட்டாமல் தொடாதீர்கள்.

அப்புறம், அடித்த தகட்டை வெறுங்கையால் தொடக்கூடாது, அந்தக் கைரேகை மேலேயே துரு ஏறும். அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமருக்கு முன் கதவு இடுக்கு, கதவுக்குக் கீழே ஓடும் படிக்கட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் காற்று அடித்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, கார்னெட்டை முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். கொஞ்சம் தங்கினாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஜன்னல் கண்ணாடியை முதல்முறை இறக்கும்போதே கீறலும் போடும்.