கிறிஸ்துமஸ் அட்டை வளைகிறதா? பசையை மாற்றுங்கள்

மரப் படத்தை ஒட்டிக் காய்ந்ததும் அட்டை படகு மாதிரி வளைகிறது, மடிப்பும் வெடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வளைவுக்குக் காரணம் வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர்தான். காகித இழைகள் அதைக் குடித்து உப்பி, காயும்போது சுருங்கி அட்டையை இழுத்துவிடும். க்ளூ ஸ்டிக் போதும். ஏற்கெனவே ஒட்டியவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்து வெட்டியிருப்பீர்கள், கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

அப்புறம் மடிப்பு. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்தப் போக்கில்தான் மடிக்க வேண்டும். முதலில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடுங்கள். 250 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும்.