பதில்: கிராஃப் காட்டினாலே கூட்டம் கவனிக்க மாட்டேங்குது

பொதுமக்கள்கிட்ட காலநிலை மாற்றத்தைப் பத்திப் பேசுறப்போ கிராஃப் போட்டதும் எல்லாரும் போனை நோண்டுறாங்க, "போன வாரம் குளிருச்சே, அப்புறம் என்ன வெப்பமயமாதல்"னு ஒருத்தர் கேட்டதும் திணறிட்டேன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல ஸ்லைடு வரிசையைத் தலைகீழா மாத்துங்க, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுற மாதிரி பின்னணி, முறை, டேட்டா, கடைசில முடிவுன்னு போறீங்க, கேக்க வந்தவங்களுக்கு முடிவுதான் முதல்ல வேணும். உலகம் ஒரு டிகிரிக்கு மேல சூடாயிடுச்சுன்னு சொன்னா 'அவ்ளோதானா'ன்னுதான் தோணும், அதனால காத்து ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதான் பெய்யுறப்போ மொத்தமா கொட்டுதுன்னு சொல்லிப் பாருங்க. கிராஃப் இல்லாம முடியவே முடியாதுன்னா காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018ல போட்ட நீல-சிவப்பு கோடுகளைக் காட்டுங்க, வருஷத்துக்கு ஒரு கோடு, குளிர்ந்த வருஷம்னா நீலம், சூடான வருஷம்னா சிவப்பு, எண்ணே கிடையாது.

குளிர் கேள்விக்காரரை மடக்கப் பாக்காதீங்க (நல்ல கேள்விதான் அது!). ஒரு வாரம்ங்கிறது வானிலை, காலநிலைன்னா பொதுவா 30 வருஷ சராசரி, குளிர் நாள் இன்னமும் வரும், ஆனா உலக அளவுல குளிர் ரெக்கார்டை விட சூடு ரெக்கார்டுதான் அதிகமா உடையுது, அவ்ளோதான் பதில்.

அப்புறம் எது உறுதி, எது இன்னும் ஆராய்ச்சில இருக்குன்னு பிரிச்சுச் சொல்லுங்க. மனுஷங்கதான் காரணம்ங்கிறதுல சந்தேகமே இல்லைன்னு ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021லயே எழுதிடுச்சு, அதைப் போய் மென்னு முழுங்காதீங்க. பாதி நேரத்தைக் கேள்விக்கே விட்டுடுங்க.