கப்பல் காத்திருக்காது: தீவுப் பயணம் பற்றிக் கேள்வி பதில்

பயணிகள் கப்பலில் 14 வருடம் வேலை பார்த்தேன். முதலில் சாப்பாட்டு அறையில், அப்புறம் பயணிகளைக் கரைக்கு அனுப்பித் திரும்பக் கூட்டி வருகிற பிரிவில். கரீபியன் தீவுகள், சிங்கப்பூர், தாய்லாந்தின் புக்கெட் தீவு என்று ஓடிவிட்டு இப்போது குளச்சல் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். லட்சத்தீவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, பயணியாகவே இரண்டு தடவை போனேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மார்த்தாண்டம், ஆசிரியை: நானும் கணவரும் கொச்சியிலிருந்து 5 நாள் லட்சத்தீவுக் கப்பலில் போக இருக்கிறோம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் உண்டாம். ஒவ்வொரு தீவிலும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது டீச்சர், முயற்சியும் பண்ணாதீர்கள். அந்தப் பயணத்தில் பகல் தீவில், ராத்திரி கப்பலில். இறங்கி, ஏறி, சாப்பிட்டது போக மிஞ்சுகிற நேரம் கொஞ்சம்தான். தீவுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் பார்க்க கல்பேனி போதும். திலக்கம், பிட்டி என்று ஆளில்லாத குட்டித் தீவுகள் அங்கே உண்டு. அவற்றைச் சுற்றி நிற்கிற காயல் தண்ணீர் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைவிடத் தெளிவு. மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பாருங்கள். அங்கே பேசுகிற மஹல் மொழி மாலத்தீவுப் பேச்சுக்குச் சொந்தம். மற்ற தீவுகளில் மலையாளத்தின் ஒரு சாயல். நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பாதிக்கு மேல் புரியும்.

இந்தியர்களுக்கும் அங்கே நுழைவு அனுமதி வேண்டும். என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்பதை முன்பதிவு செய்கிற அன்றே விசாரித்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம் இறங்குவது. பவளத் திட்டுக்குள் பெரிய கப்பல் வர முடியாது. அதனால் பல நேரம் கப்பல் வெளிக்கடலில் நிற்கும், சின்னப் படகு பக்கத்தில் வந்து அணையும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் படகு ஒரு அலைக்கு உங்கள் முழங்கால் மட்டத்துக்கு வரும், அடுத்த அலைக்கு ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கிவிடும். படகு மேலே வந்து ஒரு நொடி நிற்கும், அப்போது கால் வைக்க வேண்டும். எப்போது என்று படகுக்காரர் சொல்வார், நீங்கள் யோசிக்காதீர்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பையை முதுகில் மாட்டுங்கள், சேலை வேண்டாம், சுடிதார் போதும்.

தக்கலை: அண்ணே, எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஸ்நார்க்ளிங் பண்ணலாமா?

மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, குப்புற மிதந்து கடலுக்கடியைப் பார்ப்பதுதானே, பண்ணலாம் தம்பி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழிகாட்டி பக்கத்தில் இருக்க, கால் எட்டுகிற ஆழத்தில் ஆரம்பிக்கலாம். நீச்சல் தெரியாததைவிட வாயால் மூச்சு விடத் தெரியாததுதான் அங்கே பிரச்சினை. மாஸ்க் மூக்கை மூடிவிடும். அதை மாட்டியதும் பாதிப்பேர் பதறி மூக்கால் இழுக்கிறார்கள்.

இதற்கு வீட்டிலேயே பழகலாம். சுமாரான மாஸ்க்கும் குழாயும் ஒன்று வாங்குங்கள். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, முகத்தை உள்ளே வைத்து, வாயால் மெதுவாக 5 நிமிடம் மூச்சு விடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசை அடர்த்தியாக இருந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும். மேல் உதட்டில் கொஞ்சம் வாஸ்லின் தடவலாம், இல்லை மீசையைக் குறைக்கலாம். கண்ணாடி பனிமூட்டம் பிடிக்காமல் இருக்க உட்பக்கம் எச்சில் தேய்த்து ஒருமுறை அலசுங்கள். எங்கள் அப்பா சிப்பிக்கு முங்கும்போது பண்ணியதும் அதுதான், அமெரிக்கப் பயணிகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

கடியபட்டணம்: நான் சின்ன வயதிலிருந்தே பாறையில் சிப்பிக்கு முங்குகிறவன். எனக்கும் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வார்களா? கேவலமாக இருக்குமே!

சொல்வார்கள் மக்கா, போடத்தான் வேண்டும். உங்கள் கையில் திறமை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், படகுக்காரருக்குத் தெரியாது. உங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கரையில் அலை அடிக்கிற சத்தமே எச்சரிக்கை. காயலுக்குள் சத்தமே இராது. ஆனால் உள்ளே சேர்ந்த தண்ணீர், கடல் இறங்குகிற வற்றத்தில், திட்டின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்கு ஓடும். மீனைப் பார்த்துக்கொண்டே மிதப்பவனை அது இழுத்துக்கொண்டு போகும், அவனுக்குத் தெரியவே தெரியாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள்.

இன்னொன்று. முங்குவதற்கு முன்னால் வேக வேகமாகப் பத்து மூச்சு இழுத்து விடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதனால் உடம்பில் காற்று கூடுவதில்லை. கரியமில வாயு குறைகிறது, அவ்வளவுதான். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது அந்த வாயுதான். அது குறைந்தால் முட்டல் வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக முங்கத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

அப்புறம், நம் பாறையில் ஏறி நிற்பது போல் பவளத்தில் கால் வைக்காதீர்கள். அது உயிர். காலும் கிழியும், ஆறவும் நாளாகும். ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டாலும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

நாகர்கோவில், வடசேரி: சிங்கப்பூரிலிருந்து கப்பலில் புக்கெட் போகிறோம். கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே எடுத்தால் விலை இரண்டு மடங்காகத் தெரிகிறது. வெளியே எடுத்தால் என்ன?

எடுக்கலாம் அண்ணாச்சி, ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுங்கள். கப்பல் வழியாகப் போன வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே எடுத்தால் உங்கள் பாடு. அந்தக் கூடுதல் காசில் பாதி இதற்குத்தான்.

தாளில் காலை 8 முதல் மாலை 6 வரை புக்கெட் என்று போட்டிருப்பதாக வையுங்கள். அது 10 மணி நேரம் இல்லை. படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டால் சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். முதல் படகுகள் கப்பல் சுற்றுலாக்காரர்களுக்கு. மற்றவர்கள் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்து, கரையில் கால் வைக்க ஒன்பதரை ஆகிவிடும். கடைசிப் படகு 5 மணிக்கு. அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தைத் தொடாமல் வையுங்கள். மிச்சம் ஐந்தரை. இதில் தீவின் கிழக்குக் கரைக்கு வண்டியில் போய், அங்கிருந்து பீ பீ தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் போய்த் திரும்புவது தலைவலி. பலர் ஆசைப்படுகிற மாயா பே கடற்கரையை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், அங்கே நீந்தவும் அனுமதியில்லை. சாலோங் துறையிலிருந்து பவளத் தீவுக்கு விரைவுப் படகில் அரை மணிக்குள் போய்விடலாம். உங்களுக்கு அது போதும்.

கடிகாரம் இன்னொரு வில்லங்கம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், கரையில் உங்கள் போன் தானாக மாறி 4 மணி என்று காட்டும்போது கப்பலில் 5. இறங்குவதற்கு முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவின் கொசுமெல் தீவில் ஒரு ஜோடி நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பவில்லை. கப்பல் ஆட்கள் அவர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துக் கப்பல் பத்தடி நகர்ந்ததும் மேடை முனையில் இருவரும் ஓடி வந்தார்கள். அந்த அம்மாள் கையில் பெரிய வைக்கோல் தொப்பி. மேல்தளத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கருங்கல்: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது போகலாமா?

வேண்டாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை நெருங்கினால் லட்சத்தீவுக் கடல் கெட்டுவிடும், மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை சுற்றுலாக் கப்பல் பயணம் இராது. புக்கெட்டின் மேற்குக் கரைக்கும் அதே தென்மேற்குப் பருவம்தான். நம் தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன், ஜூலையில் விசைப்படகுகள் தடைக்காலம் என்று கட்டிக் கிடக்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அரைப் பரீட்சை லீவுதான் சரி.

திங்கள்நகர்: அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கடலில் இறக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் இறக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கும்போது இதயத்துக்கு வேலை கூடும், வெளியே தெரியாது. கவரத்தியில் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. அதில் உட்கார்ந்தே பவளமும் மீனும் பார்த்துவிடலாம். காலையில் காற்று எழும்புவதற்கு முன் போனால் தண்ணீர் கலங்காது. குமட்டல் மாத்திரையை அதே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வாந்தி வந்தபின் போட்டால் பிரயோசனம் இல்லை, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும்.

குழித்துறை: சன்ஸ்கிரீன் அவசியமா? கொச்சிக்கு எப்படிப் போவது?

குப்புற மிதக்கும்போது முதுகும் கெண்டைக்காலும்தான் வேகும். முழுக்கை பனியனும் காலோடு ஒட்டிய பேண்ட்டும் எந்தக் களிம்பையும்விட மேல். தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன் கலந்த களிம்புக்கு 2021 முதல் தடை, டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கொச்சிக்கு நம் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இருக்கிறதே! கடல் பார்க்காத பெங்களூருக்குப் போகிற ரயிலுக்கு ஏன் தீவு என்று பெயர் என யோசித்திருப்பீர்கள். முன்பு அது கொச்சியின் வில்லிங்டன் தீவு வரைக்கும் ஓடிய வண்டி. லட்சத்தீவுக் கப்பல் கிளம்புவதும் அந்தத் தீவிலிருந்துதான். ஆனால் ஒரு நாள் முன்னாலேயே போய்த் தங்குங்கள், ரயில் தாமதத்தைக் கப்பலிடம் சொல்லி அழ முடியாது.

தூத்தூர், ஒரு அக்கா: எங்கள் வீட்டு ஆட்கள் அந்தக் கடலில்தான் சுறா பிடிக்கிறார்கள். ஒக்கி புயலில் தப்பிய படகு சிலதும் அந்தத் தீவுகளில் ஒதுங்கியது. நான் மட்டும் பார்த்ததில்லை. போனால் என்ன வாங்கி வரலாம்?

அக்கா, மினிக்காயில் மாசிக் கருவாடு வாங்குங்கள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் கல்லாகும்வரை காய வைத்தது. நல்ல மாசி இரண்டைத் தட்டினால் மரக்கட்டை மாதிரி டக் டக் என்று சத்தம் வரும், தொட்டால் ஈரம் இராது. இரண்டு பாலிதீன் பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ரயில் பெட்டி முழுக்க மணக்கும். தேங்காயும் வற்றல் மிளகாயும் சின்ன உள்ளியும் வைத்து இடித்து, பழங்கஞ்சிக்கு.