டெஃபர் ஆன வாரத்தில் இன்னொரு கையெழுத்தா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசைப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய முன்சுற்று) விண்ணப்பித்தாள். போன வாரம் பதில் வந்தது: டெஃபர், அதாவது முடிவைப் பொதுச் சுற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் இல்லை. பாஸ்டனில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்றில் போட்டுவிடலாம், ஜனவரி முதல் வாரம்தான் கடைசி என்கிறார் கணவர். அங்கே ஆண்டுச் செலவு 93,000 டாலர். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 2 லட்சத்து 35 ஆயிரம். அவள் பெயரில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 1 லட்சத்து 10 ஆயிரம் இருக்கிறது. மாதம் 2,500 வரை ஒதுக்க முடியும். மகன் ஒன்பதாம் வகுப்பு. நியூஜெர்சி மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கும், சேர வேண்டிய கட்டாயம் இல்லாத எர்லி ஆக்‌ஷனில் போட்டிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. மாமனார் பொள்ளாச்சி நிலத்தை விற்றுப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். கணவர் தன் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் கடன் எடுக்கலாம் என்கிறார். பொங்கல் விழாவில் எல்லோரும் ரிசல்ட் கேட்பார்களே என்று நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது. இரண்டாம் சுற்றில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: சகோதரி, என் மூத்த மகனுக்கும் ஒரு டிசம்பர் மாலையில் இதே சொல்தான் வந்தது. அன்று இரவே நான் அடுத்த கல்லூரி, அடுத்த கெடு என்று பேச ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் விடுங்களேன்" என்றான். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் மகள் நான்கு வருடம் மனதில் வைத்திருந்த ஓர் இடம் அது. இரண்டு மூன்று நாள் அவளை அவள் போக்கில் விடுங்கள். பிடித்த சாப்பாட்டைச் செய்து, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகவில்லை என்றால் பள்ளிக் கவுன்சலரிடமோ டாக்டரிடமோ பேசத் தயங்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: போட வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் கணவரும் சேர்ந்து படிக்கட்டும்.

நவம்பரில் நீங்கள் மூன்று பேர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்: மகள், பெற்றோரில் ஒருவர், பள்ளிக் கவுன்சலர். இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவோம், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவோம் என்பதுதான் அதன் சாரம். டெஃபர் ஆனதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. விண்ணப்பம் பொதுச் சுற்றுக்குப் போகிறது, பதில் மார்ச் கடைசியில் வரும். அப்போது இடம் கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்ப்பு பெரிது என்று நான் சொல்ல மாட்டேன், இவ்வளவு போட்டியுள்ள இடங்களில் டெஃபர் ஆனவர்களில் சிறு பகுதியினரே பிறகு உள்ளே போகிறார்கள். ஆனால் பணக் கண்ணோடு பார்த்தால், போன மாதம் உங்களிடம் இல்லாத ஒன்று இப்போது கையில் இருக்கிறது. நாலு கல்லூரியின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மே 1-க்குள் முடிவு செய்யலாம். இரண்டாம் சுற்றில் கையெழுத்துப் போட்டால் அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இதில் இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. இரண்டாம் சுற்றின் முடிவு பிப்ரவரி நடுவில் வரும். பாஸ்டனில் இடம் கிடைத்துவிட்டால், டெஃபர் ஆன அந்த முதல் விண்ணப்பத்தையும் அவள் கையாலேயே திரும்பப் பெற வேண்டும். அவள் இன்னும் அங்கேதான் மனதை வைத்திருக்கிறாள். மார்ச்சில் என்ன ஆகியிருக்கும் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாமலே போய்விடும். ரட்கர்ஸும் போய்விடும். எர்லி ஆக்‌ஷன் பதிலை அவர்கள் ஜனவரி கடைசிக்குள் தருவார்கள், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய கெடுவோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதாவது மலிவான பதில் வருவதற்கு முன்பே விலை உயர்ந்ததற்கு வாக்குக் கொடுக்கிறீர்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 93,000 டாலரையே அவளுடைய முதல் ஆண்டின் விலையாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4 சதவீதம் ஏறினால் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 95 ஆயிரம். உங்களிடம் 529-இல் 1 லட்சத்து 10 ஆயிரம், சம்பளத்திலிருந்து நான்கு வருடத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம், மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரம். துண்டு விழுவது 1 லட்சத்து 65 ஆயிரம். மகள் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதல் ஆண்டு 5,500, அடுத்த ஆண்டு 6,500, பிறகு 7,500 வீதம், ஆக நான்கு ஆண்டுக்கு 27,000 மட்டுமே. மீதி 1 லட்சத்து 38 ஆயிரம் உங்கள் தலையில்.

முன்பெல்லாம் இந்த இடத்தில், பெற்றோருக்கு மத்திய அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கல்லூரிச் செலவு முழுவதற்கும் அதில் வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமே 65,000 டாலர்தான். உங்கள் மகள் சேரப்போவது அதற்குப் பிறகு. ஆகவே 73,000 டாலரைத் தனியார் வங்கியிலோ, வீட்டை ஈடு வைத்தோதான் புரட்ட வேண்டும். பிளஸ் கடனுக்கு 2025-26 கல்வியாண்டின் வட்டி 8.94 சதவீதம், அதுபோக 4 சதவீதத்துக்கு மேல் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வட்டியிலேயே மொத்த 1 லட்சத்து 38 ஆயிரத்தையும் பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலேயே மாதம் சுமார் 1,750 டாலர். அதே நேரத்தில் மகன் கல்லூரியில் இருப்பான். நீங்கள் ஒதுக்கும் 2,500-ஐ அக்காவின் நான்காம் வருடமும் அவன் முதல் வருடமும் பங்கு போட்டுக்கொள்ளும்.

ரட்கர்ஸில் உள்மாநில மாணவிக்கு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40,000. அதே 4 சதவீத உயர்வோடு நான்கு ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம். கடனே இல்லாமல் 60,000 மிஞ்சுகிறது. 529-இல் மிஞ்சுவதைத் தம்பி பெயருக்கு வரி இல்லாமல் மாற்றலாம். ரட்கர்ஸில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. கையில் அந்தப் பதில் இருக்கும்போது மற்றவற்றை எடைபோடுவது எளிது.

பாஸ்டனில் நிதி உதவி கிடைக்காதா என்று கேட்பீர்கள். மத்திய அரசின் மாணவர் நிதி உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் எல்லாம் 2011 முதல் தங்கள் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இன்றைக்கே அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் சம்பளம், சேமிப்பு, வீட்டின் இன்றைய மதிப்பு எல்லாவற்றையும் உண்மையாகப் போட்டுப் பாருங்கள். வீட்டு மதிப்பை ஏன் சொல்கிறேன் என்றால், மத்திய அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதி உதவிப் படிவம் அதைக் கேட்கிறது. எடிசனில் வீட்டு விலை எங்கே போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வருமானத்துக்குப் பெரிய தொகை காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இடம் கிடைத்தபின் உதவி போதவில்லை என்று விலகிக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், உதவிக்கு விண்ணப்பித்து, கிடைத்தது படிக்கப் போதாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி இருக்கிறது. ஆனால் அது எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கான வழி. கால்குலேட்டரில் விலையைப் பார்த்துவிட்டு, கட்ட முடியாது என்று தெரிந்தே கையெழுத்துப் போடுவது சரியில்லை. கவுன்சலரும் அதில் கையெழுத்திடுகிறார். அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவரின் தவிப்பும் எனக்குப் புரிகிறது. பிள்ளை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க எந்த அப்பாவாலும் முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அதே பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அதே ஜனவரியில் கட்டுப்பாடில்லாத பொதுச் சுற்றிலும் விண்ணப்பிக்கலாம். வாய்ப்பு கொஞ்சம் குறையும், அதை மறைக்கவில்லை. கட்டாயம் சேருவார்கள் என்று தெரிந்த பிள்ளைகளைக் கல்லூரிகள் விரும்பத்தான் செய்கின்றன. ஆனால் பொதுச் சுற்றில் இடம் கிடைத்தால் ஏப்ரல் மாதம் முழுக்க உங்கள் கையில். வேறொரு கல்லூரி கூடுதல் உதவித்தொகை தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, எங்களுக்கும் பாருங்கள் என்று நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதலாம். எர்லி டிசிஷனில் போனவர்களிடம் காட்டுவதற்கு வேறு கடிதமே இருக்காது. இத்துடன், மதிப்பெண்ணுக்காகவே உதவித்தொகை தரும் கல்லூரிகளில், கெடு முடியாதவையாக இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் அப்படித் தருவதில்லை, அங்கே குடும்பத் தேவையைப் பார்த்து மட்டும்தான் உதவி.

401(கே) கடனைத் தொடவே வேண்டாம். பொதுவாக 50,000 அல்லது இருப்பில் பாதி, எது குறைவோ அதுவரைதான் கிடைக்கும், ஐந்து வருடத்தில் அடைக்க வேண்டும். நடுவில் வேலை போனால் அந்த ஆண்டின் வரிக் கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருமான வரியும் 10 சதவீத அபராதமும். ஒரு வேலை நீக்கக் கடிதம் இரண்டு அடியாக விழும்.

மாமனார் நிலத்தைப் பற்றி. அவர் மனசு பெரிது, ஆனால் பேத்தி அழுகிறாள் என்று ஒரு வாரத்தில் நிலத்துக்கு விலை பேசினால் வாங்குகிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பின்னால் அனுப்புவதாக இருந்தாலும் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை அனுப்பலாம். பரிசாக அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் ஓராண்டில் 1 லட்சம் டாலருக்கு மேல் பெற்றால் 3520 என்ற படிவத்தை ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். பரிசுக்கு உங்களுக்கு வரி இல்லை, படிவத்தை விட்டால் அபராதம் உண்டு. இப்போதைக்கு "அப்பா, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கணவர் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

ஃபாஃப்சா அனுப்பியாகிவிட்டதா என்று பாருங்கள். உதவி கிடைக்காது என்று நினைப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது இல்லாமல் மகளுக்கான அந்த 5,500 டாலர் கடனும் வராது. டெஃபர் ஆன கல்லூரியின் போர்ட்டலில் நிதி உதவிக் கெடுவையும், அரையாண்டு மதிப்பெண்ணை எப்போது அனுப்ப வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள். இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுத அந்தக் கல்லூரி அனுமதித்தால், ஜனவரியில் மனம் தெளிந்தபின் அவளே எழுதட்டும்.

அப்புறம் உங்களால் கட்ட முடிந்த தொகையை மகளிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு எங்களால் இவ்வளவு முடியும், அதற்கு மேல் போனால் தம்பி படிப்பிலும் எங்கள் வயோதிகத்திலும் கை வைக்க வேண்டும் என்று, கணவரும் நீங்களும் சேர்ந்து, கணக்கை மேசையில் வைத்துப் பேசுங்கள். அவளுக்குப் பதினேழு வயது, கணக்குத் தெரியும். நிறையக் குடும்பங்களில் பிள்ளைக்கு இந்த எண் தெரிய வருவதே ஏப்ரலில்தான், அது டிசம்பர் ஏமாற்றத்தைவிடக் கொடுமை.

பொங்கல் விழாவுக்குப் போங்கள். கேட்பவர்களிடம் "மார்ச்சில்தான் தெரியும்" என்றால் போதும், அது உண்மையும்கூட. என்ன பதில் சொல்லலாம் என்று முதல் நாளே மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் வரவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், வரும்போது அவளுக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வாருங்கள்.