கேள்வி – பதில்: ஹாம்லெட்டுக்கு எப்போது என்ன தெரியும்?

கே: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் பீமன் சபதம் போடுகிறான், துச்சாதனனை முடிக்கிறான். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இளவரசன் ஹாம்லெட்டோ செத்த அப்பாவே ஆவியாக வந்து சொன்ன பிறகும் இழுத்தடிக்கிறான். கோழையா, குழப்பக்காரனா?
– வாசகர், ஓமலூர்

ப: பீமன் சபதத்தை முடித்தது 13 வருஷம் கழித்துத்தான். அவனை யாரும் கோழை என்று சொன்னதில்லை. காரணம், குற்றம் நடந்தது நிறைந்த சபையில். பீஷ்மரும் விதுரரும் கண்ணால் பார்த்தார்கள். கூத்து மேடையில் பாஞ்சாலி அவிழ்ந்த கூந்தலோடு வந்து நின்றாலே போதும், சாட்சி வேண்டியதில்லை.

ஹாம்லெட் கையில் இருப்பது நடுராத்திரியில் ஓர் ஆவி தனியாகச் சொன்ன வாக்குமூலம் மட்டுமே. ஊருக்குச் சொல்லப்பட்ட கதை, தோட்டத்தில் தூங்கிய ராஜாவைப் பாம்பு தீண்டியது என்பது. காதில் விஷம் ஊற்றியது ராஜாவின் தம்பியும் இப்போதைய ராஜாவுமான கிளாடியஸ் என்று சொல்வது ஆவி ஒன்றுதான். அப்பா உருவத்தில் வந்தது சாத்தானாகவும் இருக்கலாம் என்று 2-ஆம் அங்கத்தின் முடிவில் ஹாம்லெட்டே சொல்கிறான். அவன் படித்தது புரொட்டஸ்டண்ட் மதச் சீர்திருத்தம் தொடங்கிய லூதரின் ஊரான விட்டன்பர்க்கில். செத்தவர் ஆவியாகத் திரும்பி வருவதை அந்த மதம் நம்பவில்லை. அந்தப் படிப்புக்கு இந்தச் சந்தேகம் சாக்கு அல்ல, நியாயமான பயம்.

நாள் கணக்கையும் பாருங்கள். முதல் அங்கம் 2-ஆம் காட்சியில் அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்கிறான். 3-ஆம் அங்கம் 2-ஆம் காட்சியில் அவன் காதலி ஒஃபீலியா நாலு மாதம் என்கிறாள். ஆக, ஆவி பேசியதிலிருந்து, அந்தக் கொலையைப் போலவே ஒரு நாடகத்தைக் கிளாடியஸ் முன் போட்டுச் சோதிப்பதுவரை சுமார் இரண்டு மாதம். உலகமே பேசும் ‘தாமதம்’ அவ்வளவுதான்.

அந்தச் சோதனையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உள்நாடகத்தில் ராஜாவுக்கு விஷம் வைப்பவன் ராஜாவின் தம்பி அல்ல, அண்ணன் மகன். கிளாடியஸுக்கு ஹாம்லெட் என்ன முறையோ அதே முறை. கிளாடியஸ் பதறி எழுந்ததும் ஹாம்லெட்டுக்குக் குற்றம் நிரூபணமாகிவிட்டது. அரசவைக்கோ, இளவரசன் சித்தப்பாவைக் கொல்வேன் என்று மேடை போட்டு மிரட்டியதாகத்தான் பட்டிருக்கும்.

உண்மையான சறுக்கல் அதற்குப் பிறகு. ஆதாரம் கேட்டு அத்தனை நாள் காத்திருந்தவன், அதே ராத்திரியில் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமலே கத்தியைச் செருகுகிறான். செத்தது ஒஃபீலியாவின் அப்பாவான மந்திரி பொலோனியஸ். கோழைத்தனம் பற்றி எழுதுவதைவிட இந்த அவசரத்தைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு வழி சொல்கிறோம். நாடகத்தில் 20 காட்சிகள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, ‘கொலை பற்றித் தெரியும், தெரியாது, சந்தேகம்’ என்று குறித்துக்கொண்டே படியுங்கள். கிளாடியஸின் குற்ற உணர்வு நமக்கு 3-ஆம் அங்கம் முதல் காட்சியிலேயே, அவன் தனக்குள் முணுமுணுக்கும்போது தெரிந்துவிடுகிறது. ஹாம்லெட் காதில் அது விழுவதில்லை. நமக்குத் தெரிந்ததை அவனுக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொண்டுதான் அவனைத் திட்டுகிறோம்.

கே: ஹாம்லெட்டின் அம்மா, இப்போது கிளாடியஸின் ராணியான கெர்ட்ரூட் கொலைக்கு உடந்தையா?
– வாசகி, ஏற்காடு

ப: இரண்டு கேள்விகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கணவன் உயிரோடு இருந்தபோதே கிளாடியஸுடன் உறவு இருந்ததா என்பது ஒன்று. ஆவியின் வசவுச் சொல் அப்படித்தான் காட்டுகிறது. கொலை தெரியுமா என்பது வேறு. ‘ராஜாவைக் கொன்றதைப் போல’ என்று மகன் குத்தும்போது அவள் அதே சொற்களைத் திகைப்போடு திருப்பிச் சொல்கிறாள். தெரிந்தவளின் பதில் அல்ல அது. 1603-இல் வந்த முதல் குவார்ட்டோ (சிறிய அளவுப் புத்தகம்) பதிப்பில் தெரியாது என்று சத்தியமே செய்கிறாள். பிந்தைய பதிப்புகளில் அந்தச் சத்தியம் இல்லை. உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

கே: எங்கள் நாடகக் குழுவில் கிளாடியஸ் வேஷம் எனக்கு. பிரார்த்தனைக் காட்சியில் அழலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

ப: அழலாம், ஆனால் முட்டிபோட்ட பிறகு வேண்டாம். அவன் கணக்குப் பார்க்கும் ஆள். கொலையால் கிடைத்தவை என்று கிரீடம், ஆசை, ராணி மூன்றையும் வரிசையாகச் சொல்கிறான். ராணி கடைசியில்தான் வருகிறாள், வரிசையை மாற்றாதீர்கள். இவற்றை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கிடைக்குமா என்று அவனே கேட்டு, கிடைக்காது என்று அவனே பதிலும் சொல்லிக்கொள்கிறான். உடைவதானால் அங்கே உடையுங்கள். முட்டி போட்டதும் அசையாமல் இருங்கள். ஜெபத்தில் கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று பின்னால் ஹாம்லெட் வாளை உறையில் போடுவது அந்த அமைதியை நம்பித்தான். அவன் போன பிறகு எழுந்து, வார்த்தை மேலே போகிறது, நினைப்பு கீழேயே கிடக்கிறது என்று நீங்கள் சொல்லும்போதுதான் அந்த ஜெபம் பலிக்கவில்லை என்று கூட்டத்துக்குப் புரிய வேண்டும். முன்கூட்டியே தேம்பிவிட்டால் இது செத்துப்போகும்.

கே: பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸையும் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸையும் பரீட்சையில் எப்படி ஒப்பிடுவது?
– மாணவி, ஆத்தூர்

ப: மூவரும் அப்பாவை இழந்த மகன்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அப்பாவைக் கொன்றவன் யார், அது எப்படித் தெரிந்தது என்று ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். லேயர்ட்டீஸ் ஆட்களைத் திரட்டி அரண்மனைக் கதவை உடைத்து வருகிறான், அரை உண்மையைக் கேட்டதும் கிளாடியஸ் கைக்குள் போய்விடுகிறான். கோயிலுக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். ஹாம்லெட் விட்டுவந்த பிரார்த்தனைக் காட்சிக்கு இந்த வரி நேர் எதிர், இதை விடாதீர்கள். ஃபோர்ட்டின்பிராஸின் அப்பா ஒப்பந்தம் போட்டு நடந்த ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில் ஹாம்லெட்டின் அப்பாவிடம் தோற்று இறந்தவர். அதில் ரகசியமே இல்லை. போன நிலத்தை மீட்கக் கிளம்பியவன், பழி எதுவும் வாங்காமலே கடைசியில் நாட்டையே அடைகிறான்.

கே: ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் சாக வேண்டியவர்களா?
– வாசகர், வாழப்பாடி

ப: கிளாடியஸ் கொடுத்து, தாங்கள் இங்கிலாந்துக்கு எடுத்துப்போன கடிதத்தில் ஹாம்லெட்டைக் கொல்லும் கட்டளை இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை. ஹாம்லெட் கடிதத்தை மாற்றி எழுதி அவர்களையே சாக அனுப்புகிறான், அவனுக்கு அதில் உறுத்தல் இல்லை. எங்களுக்கு உறுத்துகிறது.

கே: கடைசிக் காட்சியில் யார் எப்போது விழுவது என்பதில் ஒத்திகை தினமும் குழம்புகிறது.
– நாடகக் குழு, ஏற்காடு

ப: கோப்பையில்தான் குழப்பம் தொடங்கும், அதை முதலில் சரிசெய்யுங்கள். லேயர்ட்டீஸுடன் நடக்கும் வாள் போட்டியில் ஹாம்லெட்டின் முதல் வெட்டுக்குப் பிறகு கிளாடியஸ் முத்தைப் போட்டு விஷக் கோப்பையை அனுப்புகிறான், ஹாம்லெட் அப்புறம் என்கிறான். இரண்டாவது வெட்டுக்குப் பிறகு ராணி குடிக்கிறாள். ‘குடிக்காதே’ என்று ஒரே சொல்லோடு கிளாடியஸ் நிறுத்திக்கொள்கிறான். எட்டிப் பிடுங்கினால் குட்டு வெளிப்படும். நடிகர் கையை நீட்டவே கூடாது. பிறகு லேயர்ட்டீஸ் விஷம் தடவிய வாளால் ஹாம்லெட்டைக் காயப்படுத்துகிறான், வாள்கள் மாறுகின்றன, லேயர்ட்டீஸும் காயப்படுகிறான். ராணி விழுகிறாள். லேயர்ட்டீஸ் உண்மையைச் சொன்னதும் ஹாம்லெட் ராஜாவைக் குத்தி, மீதி விஷத்தையும் புகட்டுகிறான். ராஜா, லேயர்ட்டீஸ், ஹாம்லெட் என்ற வரிசையில் உயிர் போகிறது.

ராஜாவைக் குத்தும்போது சுற்றியிருக்கும் எல்லோரும் ‘துரோகம், துரோகம்’ என்று கத்த வேண்டும். பழைய கொலை அந்த நிமிஷம்வரை அவர்களுக்குத் தெரியாது. கோப்பையில் ஒரு வாய் மிச்சம் இருக்கட்டும், ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ கைக்கு எட்டும் இடத்தில். அவன் அதைக் குடிக்கப் போகும்போது சாகக் கிடக்கும் ஹாம்லெட் பிடுங்க வேண்டும். முழுக் கதையும் தெரிந்தவன் அங்கே உயிரோடு மிஞ்சுவது ஹொரேஷியோ ஒருவன்தான்.