மூளையில் பசை குறைந்துவிட்டதா?

கேள்வி: என் 4 வயது மகனுக்கு ஆட்டிசம். மரபணுப் பரிசோதனையில் 'நியூரெக்ஸின்-1' மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று வந்திருக்கிறது. மூளை செல்களை ஒட்டவைக்கும் பசை அது என்கிறார்கள். கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? அதை மாத்திரையாகக் கொடுக்க முடியாதா?

பதில்: முதலில் ஒன்று. நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாமல் விட்டதோ, குடம் தூக்கியதோ இதற்குக் காரணம் இல்லை. அந்தக் குறை பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், இல்லையென்றால் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே அந்தத் துண்டு விடுபட்டிருக்கலாம்.

'பசை' என்ற சொல்தான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில் (சினாப்ஸ்) சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். செய்தி அனுப்பும் செல்லிலிருந்து நியூரெக்ஸினும், வாங்கும் செல்லிலிருந்து நியூரோலிஜின் போன்ற புரதங்களும் நீண்டு நடுவில் கைகோத்துக்கொள்ளும். ஆனால் வெறுமனே பிடித்துக்கொள்வது மட்டும் அதன் வேலை என்றால், அது இல்லாதபோது செல்கள் பிரிந்து போக வேண்டுமே? எலிகளில் 'ஆல்ஃபா' என்ற வகை நியூரெக்ஸின்கள் மூன்றையும் நீக்கிப் பார்த்தார்கள், 2003இல். சினாப்ஸ்கள் பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருந்தன. செய்தி வெளியாகத் தேவையான கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் வாய்க்கால்கள் சரியாக வேலை செய்யாமல், செய்தி வெளியாவதுதான் குறைந்துபோனது. அதாவது யாரோடு பேசுவது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்பதை ஒழுங்குபடுத்தும் கை அது. (இந்தப் புரதம் கிடைத்ததே, கருப்பு விதவைச் சிலந்தியின் விஷம் நரம்பில் எதைப் பற்றுகிறது என்று தேடப்போய்த்தான்!)

மாத்திரை கிடையாது. செல் தானே தயாரித்துத் தன் சவ்வில் பொருத்திக்கொள்ளும் புரதம் இது. விழுங்கினால் பருப்பு மாதிரி செரித்துவிடும். 'சினாப்ஸ் வளர்க்கும் பவுடர்' என்று யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்களும் கணவரும் அதே பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பெற்றோரிடமும் இதே குறை இருப்பதுண்டு, அதனால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பையன் எப்படி வளர்வான் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கும் இந்த மரபணுக் குறை வர பாதி வாய்ப்பு. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியை ரிப்போர்ட்டுக்காக நிறுத்த வேண்டாம். அப்புறம், பையன் திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்தாலோ, கூப்பிட்டும் தொட்டும் திரும்பாவிட்டாலோ, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இந்தக் குறையோடு வலிப்பும் சிலருக்கு வரும்.