காய்கறிக் கடைக்காரர் கேள்வி-பதில்: சேதாரம், தராசு, கணக்கில் ஏறாத உழைப்பு

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேதாரத்தைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். கடையின் அளவையும் காயின் பெயரையும் எழுதாமல் அனுப்பியவர்களுக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடிந்தது.

கேள்வி: கொள்முதல் விலைக்கு மேல் 20 சதவீதம் வைத்துத்தான் விற்கிறோம். மாத முடிவில் கையில் எதுவும் நிற்பதில்லையே, ஏன்?

நீங்கள் 20 வைத்தது வாங்கிய எடைக்கு. பணம் வருவதோ விற்ற எடைக்கு. 100 கிலோ வாங்கி, அதில் 10 கிலோ அழுகலிலும் வாடலிலும் போய்விட்டால், மீதி 90 கிலோ விற்ற தொகை 108 கிலோவின் கொள்முதல் விலைக்குச் சமம். 20 என்று நம்பியிருந்தது அங்கேயே 8 ஆகிவிடுகிறது. 15 கிலோ போனால் 2 மிஞ்சும். 17 கிலோ போனால் முதலிலேயே கை வைக்க வேண்டியதுதான். கடை வாடகையும் வண்டிக் கூலியும் இதற்குப் பிறகு வருபவை.

இரவில் கொட்டும் அழுகலை மட்டும் சேதாரம் என்று எண்ணுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. காலைக் கையிருப்பையும் அன்றைய கொள்முதலையும் கூட்டி, அதிலிருந்து விற்ற எடையையும் இரவுக் கையிருப்பையும் கழித்துப் பாருங்கள். கிடைக்கும் எடையில் கொட்டியது மட்டுமல்லாமல், காய் வெயிலில் இழந்த நீரும், நறுக்கி எறிந்த காம்பும் தோலும், தராசு முள் சற்றுத் தாழட்டும் என்று ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதலாகப் போட்ட 20 கிராமும் அடங்கியிருக்கும். அந்த 20 கிராம் மட்டுமே 2 சதவீதம். எடை போடுங்கள், எழுதுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கேள்வி: எங்கள் கடையில் காய்கள் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. வழி சொல்லவும்.

எந்தக் காய், எத்தனை மணி நேரத்தில், எந்த விதமாகக் கெடுகிறது என்பவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. வாடுவது வேறு, அழுகுவது வேறு, பழுப்பது வேறு; ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது வெப்பம். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகும். ஆகவே முதலில் நிழல், பிறகு காற்றோட்டம், அதன் பிறகே தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடுத்த முறை காயின் பெயரோடு எழுதுங்கள்.

கேள்வி: கீரைக்கு ஒரு நாளில் எத்தனை முறை தண்ணீர் தெளிக்கலாம்?

எண்ணிக்கை முக்கியமில்லை, இலையின் மேற்பரப்பு நனைய வேண்டும், கட்டின் உள்ளே நீர் தேங்கக் கூடாது. தன் எடையில் 5 சதவீத அளவுக்கு நீர் இழந்தாலே கீரை துவண்டு தெரியும். அதற்கு அஞ்சிக் கட்டுகளை வாளியில் முக்கி எடுத்து அடுக்கினால், உள்ளே காற்றுப் புகாமல் ஈரம் நின்று, மாலைக்குள் அழுகல் தொடங்கிவிடும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நார் கட்டிய இடத்தில் கட்டை விரலை உள்ளே செலுத்திப் பாருங்கள். வழுவழுப்பும் வெதுவெதுப்பும் தட்டுப்பட்டால் அந்தக் கட்டை உடனே பிரித்து, நல்ல இலைகளை உலர விட்டு மீண்டும் கட்ட வேண்டும். தெளிப்பது குடிக்கத் தக்க நீராக இருக்கட்டும். கூடை கழுவிய நீரைத் தெளிப்பது ஒரு கட்டின் அழுகலைக் கடை முழுவதற்கும் பரப்புவதாகும். எல்லாவற்றுக்கும் முன் நிழல்.

கேள்வி: பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும்படி தக்காளி, வெள்ளரி, கீரை, கேரட் ஆகியவற்றை அடுத்தடுத்து அடுக்குகிறோம். இரவிலும் அப்படியே மூடிவிடுகிறோம். வெள்ளரி மஞ்சளாகிறது. விதைக் கோளாறா?

விதையின் மீது பழி போட வேண்டாம். பழுக்கும் தக்காளி எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பட்டால் வெள்ளரியும் கீரையும் மஞ்சளாகும், கேரட் கசக்கும். பகலில் திறந்த கடையில் காற்று அதை அடித்துச் சென்றுவிடும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடும்போதுதான் கேடு. பகலில் எப்படி வேண்டுமானாலும் அடுக்குங்கள். மூடும்போது தக்காளியையும் பழங்களையும் தனியே எடுத்துவிடுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே மூலையில் குவிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது.

கேள்வி: பழைய குளிர்பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. விற்காத காய் முழுவதையும் இரவில் 4, 5 டிகிரியில் வைத்துவிடலாம் அல்லவா?

முழுவதையும் வைக்கக் கூடாது. கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கீரை ஆகியவை உறைநிலைக்கு அருகிலான குளிரையே விரும்புகின்றன. தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவை அந்தக் குளிரைத் தாங்குவதில்லை. கத்தரிக்கும் வெள்ளரிக்கும் 10 முதல் 12 டிகிரி ஏற்றது, பழுக்காத தக்காளிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இதில் ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால், பெட்டிக்குள் இருக்கும் வரை காய் பளபளப்பாகவே தெரியும். வெளியே எடுத்த பிறகே தோல் குழிவிழுந்து, கத்தரியின் விதைகள் கறுத்து, வாங்கியவர் மறுநாள் திரும்பி வருவார். குற்றம் குளிரில் இருக்க, பழி உங்கள் மேல் விழும்.

மின்சாரம் இல்லாதவர்களுக்கு: பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடும் முறையை 1990-களில் நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் சிறு வியாபாரிகளிடையே பரப்பினார். வறண்ட காற்று வீசும் ஊர்களில் அது நன்றாக வேலை செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் நீர் எளிதில் ஆவியாகாது; அங்கே பானை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: பச்சை படர்ந்த உருளைக்கிழங்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

கூடாது. வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறும்போது கூடவே சோலனைன் என்னும் நச்சும் கூடுகிறது. வேகவைத்தாலும் அது பெரும்பாலும் அழிவதில்லை. கிழங்கு மூட்டையின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் வந்திருக்காது.

கேள்வி: பட்டாணிக்கும் வெண்டைக்கும் பச்சை நிறம் கூட்ட ஒரு பொடி கிடைக்கிறது என்கிறார்கள். கலக்கலாமா?

கலக்காதீர்கள். துணிச் சாயத்தை மனிதர் உண்ணும் பொருளில் போடுவதைப் பற்றி என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் உழைக்கிறோம். கூலிக்கு ஆள் இல்லாததால் ஆள்செலவு இல்லை. ஆகவே அக்கம்பக்கத்துக் கடைகளைவிடக் குறைத்து விற்கிறோம். கூட்டம் வருகிறது, ஆனால் பத்து ஆண்டுகளாகக் கடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்னும் விலையைக் குறைக்கலாமா?

"ஆள்செலவு இல்லை" என்ற சொல்லை எந்தக் கடிதத்தில் கண்டாலும் என்னால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கொள்முதலுக்குப் போகிறவர் யார்? மூட்டையை அவிழ்த்து முற்றல், பிஞ்சு, சொத்தை என்று தரம் பிரிப்பவர் யார்? தராசடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சோறு கொண்டு வருபவர், இரவில் கூடைகளைக் கழுவிக் கவிழ்ப்பவர், கல்லாவை எண்ணிச் சிட்டையில் ஏற்றுபவர் யார்? நான்கு பேர், ஆளுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 36 மணி நேர உழைப்பு. எல்லாச் செலவும் போக அன்று மிஞ்சியதை 36-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே வேலைக்கு வெளியாள் ஒருவர் கேட்கும் மணிக்கூலியைவிட அது குறைவாக இருந்தால், விலைக் குறைப்புக்கான பணம் உங்கள் வீட்டாரின் முதுகிலிருந்து வருகிறது என்று பொருள்.

இது உலகம் அறியாத விஷயமும் அன்று. பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலார் 1993-இல் வகுத்த வேலைநிலை வகைப்பாட்டில், குடும்பக் கடையில் இவ்வாறு உழைப்பவர்களுக்குப் "பங்களிக்கும் குடும்பத் தொழிலாளர்" என்று தனிப் பிரிவு உண்டு. 2018-இல் அந்த வகைப்பாட்டைத் திருத்தியபோதும் அந்தப் பிரிவு தொடர்ந்தது. நாடுகளின் கணக்கில் இடம் உள்ளவருக்கு வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு வரி இல்லை.

என் தந்தையின் நோட்டில் எல்லாம் இருந்தது. வண்டிக் கூலி, சாக்கு, சணல் கயிறு, தராசுத் தட்டுக்குப் போட்ட ஒட்டு வரை தேதியோடு எழுதுவார். என் தாய் இரவு பத்து மணிக்குக் கீரை மூட்டையின் முன் அமர்ந்து, மண்ணை உதறி, வேரைக் கிள்ளி, ஒரு பிடியளவு சேர்த்து, வாழைநாரைப் பல்லில் கடித்து இழுத்து முடி போடுவார். இருநூறு கட்டு முடியும்போது அவருடைய வலக்கைக் கட்டை விரல் மடங்காது. அந்த இருநூறு கட்டுக்கு நோட்டில் கூலி இல்லை. அவர் இரண்டு மாதம் நோயில் படுத்தபோது கட்டுவதற்கும் தரம் பிரிப்பதற்கும் இரண்டு ஆள் வைக்க வேண்டி வந்தது; முதல் வாரமே கடை நட்டத்தில் விழுந்தது. அன்று நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அத்தனை ஆண்டுகளும் இலாபம் என்று நாங்கள் எழுதி வந்தது அவருக்குக் கொடுக்காத கூலி என்பது. என் தந்தை நல்லவர். அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: விலையைக் குறைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கூலி குறித்து, வாடகை எழுதும் அதே பக்கத்தில் செலவாக எழுதுங்கள். தொடக்கத்தில் முழுவதும் கையில் கொடுக்க முடியாமல் போகலாம். ஒரு பகுதியையாவது அவரவர் கையில் கொடுங்கள், மீதியைக் கடை தர வேண்டிய பாக்கியாக ஏற்றுங்கள். அதற்குப் பிறகு விலை நிர்ணயியுங்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் நினைத்தபோது கை விடுவதையும் நிறுத்த வேண்டும். நாளுக்கு ஒரு முறை, எழுதிவிட்டு எடுங்கள். எடை போடுங்கள், எழுதுங்கள் என்று சேதாரத்துக்குச் சொன்னது உழைப்புக்கும் பொருந்தும். உழைப்பின் எடை மணி நேரம்.

கேள்வி: பத்து வயது மகனை விடியற்காலை கடையில் உட்கார வைக்கிறோம். தொழிலும் பழகும் அல்லவா?

தொழில் பழகப் பத்து வயதில் அவசரம் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்கிறது. படிப்பையும் உடலையும் கெடுக்காத இலேசான வேலைக்குக்கூட 13 என்கிறது, வளரும் நாடுகளுக்குச் சிறிது தளர்வு உண்டு. விடியற்காலை உறக்கத்தைப் பறிப்பது இலேசான வேலையில் சேராது. பள்ளி விட்டு வந்து அரைமணி நேரம் உங்கள் அருகில் நின்று கூட்டல் கழித்தல் பார்க்கட்டும், அது போதும்.

கேள்வி: கொள்முதலுக்குத் தினமும் காலையில் 1000 கடன் வாங்கி, மாலையில் 1050 திருப்பித் தருகிறோம். 50 தானே என்று விட்டுவிட்டோம். சரியா?

இருபது நாளில் வட்டியாக மட்டும் 1000 கொடுத்துவிடுகிறீர்கள். அதன் பிறகும் இருபத்தோராம் நாள் காலையில் வெறுங்கையோடு நிற்கிறீர்கள். இதிலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. இன்று மாலை எப்பாடுபட்டாவது 30 ஒதுக்கி, நாளை 970 மட்டும் வாங்குங்கள். வட்டியில் குறைவதையும் செலவழிக்காமல், தினமும் அதே 30-ஐயும் சேர்த்துக் கொண்டே வாருங்கள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முழு முதலும் உங்களுடையதாகிவிடும். நடுவில் ஒரு நாள் மழை வந்து விற்பனை கெட்டால் கணக்கு சற்றுத் தள்ளிப் போகும், அவ்வளவே. அந்த ஒதுக்கீட்டைக் கல்லாவில் வைக்காதீர்கள். கல்லாவில் இருக்கும் பணம் செலவாகிவிடும்.

கேள்வி: ஐம்பது கிலோ மூட்டையைத் தனியே தூக்கி இடுப்பு பிடித்துவிட்டது. பட்டை கட்டினால் தூக்கலாமா?

மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலேயே பரிந்துரைக்கும் எடை 23 கிலோ. இடுப்புப் பட்டையால் 50 கிலோ 23 ஆகிவிடாது. 20 கிலோ கொள்ளும் பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாறுங்கள். மூட்டையில் நசுங்கும் தக்காளியும் குறையும்.

கேள்வி: மின்னணுத் தராசு சில நேரம் கூடவும் சில நேரம் குறையவும் காட்டுகிறது.

சமதளத்தில் வைத்திருக்கிறீர்களா, மின்விசிறிக் காற்று தட்டில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை வேறுபட்டால் பழுதுபார்க்கக் கொடுத்து, மறுபடி முத்திரை பெற்ற பிறகே அதில் வியாபாரம் செய்ய வேண்டும்.

கேள்வி: நீலத் தார்ப்பாய் போட்ட பிறகு தக்காளி விற்பனை குறைந்துவிட்டது போல் தோன்றுகிறது.

தோற்றம் அன்று, உண்மையாகவே இருக்கலாம். நீலப் பாயின் வழியே இறங்கும் வெளிச்சத்தில் சிவப்பு மங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். நல்ல தக்காளியும் அழுகப் போவது போலக் காட்சி தரும். வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியைக் கட்டுங்கள், வெப்பமும் சற்றுக் குறையும்.